ஏறினவர் தரணும்

வியாழன் இரவு எட்டரை.
செந்தூலில் ஆ ஹெங்கின் பப்புக்கு மேலே
எல்.ஆர்.டி. கடக்கும்போது
பீர் நுரை ஒருமுறை நடுங்கி அடங்குகிறது.
'சந்தை மாதிரி' என்றார் துரைசிங்கம், முதல் நாள்.
எல்லோரும் சிரித்தோம்.
மூன்று வருடமாக அதையே சொல்கிறார்,
ரயிலும் விடாமல் வந்துகொண்டிருக்கிறது.

ஐந்து பேர் நாங்கள்.
பல் கிளினிக்கில் பதிவேடு எழுதும் சத்தியவாணி
ஒரு லெமன் சோடாவை இரண்டு மணி நேரம் குடிப்பாள்;
கம்பெனிகளின் ஆண்டறிக்கையை
எக்ஸ்ரே போல வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள்.
துரைசிங்கம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர்.
கட்டம் போட்ட தாளில் பென்சிலால் கோடு வரைவார்.
அவர் வாங்கிய மறுநாள்
கோட்டுக்குத் தலை சுற்றும்.
லோ கிம் செங் தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்தவர்,
எங்களைவிட நல்ல தமிழில் திட்டுவார்.
சந்திரபோஸ் கூரியர் வேன் ஓட்டுகிறான்.
சிவப்பு விளக்கில் வாங்கி
பச்சை விளக்கில் விற்பவன்.
நான் சரக்குக் கிடங்கில் எடை பார்ப்பவன்.

பீர் கோப்பை வைக்கும் அட்டையின் பின்புறம்
சத்தியவாணி ஒரு நாள் எழுதிவைத்தாள்:
'அந்த வாரம் ஏறினவர் ஜக்குக்குத் தரணும்.'
அன்றிலிருந்து
செந்தூலில் ஒருவருக்கும் லாபமில்லை.
என்ன அழுகை, என்ன அழுகை!
கையுறைப் பங்கை ஏழு வெள்ளிக்கு வாங்கி
எழுபது காசில் கட்டிக்கொண்டு தூங்கும் கதையை
லோ ஒவ்வொரு வாரமும்
கொஞ்சம் கூட்டியே சொல்வார்.
கடைசியில் பில்லை ஐந்தாகப் பிரிப்போம்.
'பங்கு வாங்க வந்தோம்,
பங்கு போடக் கத்துக்கிட்டோம் லா'
என்பான் போஸ், சில்லறையை எண்ணியபடி.

போன வியாழன் அவன்தான்
'இன்னைக்கு நான் தர்றேன்' என்றான்.
இரண்டு ஜக்கு. நெத்திலி வறுவல்.
கோழிச் சிறகு, அதுவும் பெரிய தட்டு.
மேசை ஒரு கணம் ஊமையானது.
'எந்தக் கவுண்டர்?'
துரைசிங்கத்தின் பென்சில் காதிலிருந்து இறங்கியது.
'எத்தனை லாட்?' என்று லோ.
சத்தியவாணி சோடாவைத் தள்ளிவைத்தாள்.
'இருக்கு ஒண்ணு' என்று சொல்லி
சிறகு ஒன்றை உரித்துக்கொண்டிருந்தான் போஸ்.
நாங்கள் சிரித்தோம்.
அந்தச் சிரிப்பில் கொஞ்சம் புளிப்பு இருந்ததை
நான் மறைக்கப்போவதில்லை.

சிகரெட்டுக்குப் பின்கட்டுக்குப் போனேன்.
சாக்கடையோரம் அவன் வேன் நிற்கும் இடத்தில்
எண்ணெய்க் கறை மட்டும், காய்ந்து,
பழைய நாணயம் அளவில்.
வழக்கமாக அவன் போட்டிருக்கும் கம்பெனிச் சட்டையும்
அன்று இல்லை,
அதை அப்போதுதான் கவனித்தேன்.

திரும்பி வந்தேன். சொல்லவில்லை.
மூன்று பேரும் கைப்பேசியில் குனிந்து
அந்தப் பங்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.
'விடுங்க, நாளைக்கு மார்க்கெட் திறக்கும்.
வியாழன் போனா வெள்ளிதானே' என்றார் லோ.
பழைய ஜோக்.
போஸ்தான் அதிகம் சிரித்தான்,
பிறகு ரயில் நிலையப் படியில்
ஒவ்வொன்றாக ஏறிப்போனான்.

இன்னும் ஒன்று.
அந்த வாரம் ஏறினவன் நான்.
ஆயிரத்து நூற்று நாற்பது வெள்ளி,
ஒரு பனை எண்ணெய்க் கம்பெனியில்.
'எனக்கும் அடிதான்' என்று
முதல் ஜக்கு வருமுன்பே சொல்லியிருந்தேன்.
அவன் வாங்கிக் கொடுத்த சிறகில்
மூன்று தின்றேன்.

இந்த வியாழன் எட்டு மணிக்கே போய்விடுவேன்.
ஆ ஹெங்கிடம் முன்பணம் கட்டிவைப்பேன்.
கிடங்கில், தராசின் முள் நிற்கும்வரை,
சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்:
'நஷ்டம்தான் லா.
ஆனா இன்னைக்கு நான் தர்றேன்.'