பதிலி

ஃப்ளூ. மூன்று ஆசிரியர்கள் விடுப்பு.
ஒன்பது பி வகுப்புக்கு இன்று
உயிரியலும் நான், கணிதமும் நான்,
வரலாறும் நாடகமும் நானே.
என் சொந்தப் பாடம் எதுவென்று கேட்காதீர்கள்.
ஊலான்பாத்தரின் இந்தப் பன்னாட்டுப் பள்ளியில்
யாருக்கு இருமல் வருகிறதோ
அவர்கள் பாடம்தான் என் பாடம்.

நாரன்தூல் சந்தையில் விடியலில் வாங்கிய
பதினொரு ஆட்டு இதயங்கள்
எஃகுத் தட்டுகளில்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
உள்ளே ரப்பர் கையுறை வாசனை, லேசாக இரும்பு வாசனை.
யோரிட் மூச்சைப் பிடித்துக்கொண்டு
தலைப்பை மட்டும் எழுதுகிறான், இரண்டு முறை.
யெர்கெனாஸ் கத்தியின் கூரைப் பார்க்கிறாள்.
உதவித்தொகையில் படிக்கும் துவ்ஷின்தோர்
கத்தியே கேட்கவில்லை.
கட்டைவிரலை உள்ளே விட்டான்.
தடித்த சுவர், மெலிந்த சுவர்,
எது எதுவென்று கைக்கே தெரிந்தது.
பிறகுதான் பயிற்சித்தாளைப் பார்த்தான்.
படத்தில், இடது கீழறை வலப்பக்கம் இருந்தது.

அச்சுப் பிழை என்றான்.
விடைக்குறிப்பிலும் அப்படித்தான் என்றேன்.
"அப்படியானால் யாருக்கு இடப்பக்கம், பக்‌ஷா?
எனக்கா, ஆட்டுக்கா?"

என்னிடம் விடைக்குறிப்பு இருந்தது,
விடை இல்லை.

"ஆட்டுக்குத்தான்," என்றாள் யெர்கெனாஸ்.
"அது நம்மைப் பார்த்தபடி நிற்கிறது."
பதினொரு தட்டுகளிலிருந்தும் ஒரு கணம்
ஏதோ எங்களைப் பார்த்தது.

கணிதம்.
மின்நிலையப் புகைபோக்கியின் நிழலை அளந்து
அதன் உயரம் காண்க.
மொட்டைமாடிக்கு ஏறினோம்.
நிழல் இல்லை, சூரியன் இருக்கும் திசைகூட உத்தேசம்தான்.
புகைபோக்கி கக்கிய புகைக்குள்
புகைபோக்கியின் உச்சியே காணோம்.
கோணமானியில் கட்டிய நூல் விறைத்து நின்றது.
ஹா-யூன் கண்ணைச் சுருக்கிப் பார்த்து எழுதினாள்:
தெரிகிற வரைக்கும் நாற்பது மீட்டர்.
'தெரிகிற வரைக்கும்' கீழே கோடு வேறு.
முழு மதிப்பெண் போட்டேன்.
கணித வாத்தியார் காய்ச்சல் விட்டு வந்து
அடித்துவிடுவார். அடிக்கட்டும்.

வரலாற்றில் பிரெஞ்சுப் புரட்சி.
மேசைகளை நகர்த்திச் சபை அமைத்தோம், தலைவர் நான்.
எனக்கு இடப்பக்கம் மன்னருக்கு எதிரிகள்,
வலப்பக்கம் அரண்மனை விசுவாசிகள்.
ரொட்டி விலை பற்றி யோரிட் உருக்கமாகப் பேசும்போது
துவ்ஷின்தோர் கை தூக்கினான்.
"பக்‌ஷா, உங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டால்?"

திருப்பிப் போட்டோம்.
இருந்த இடத்திலேயே
கலகக்காரர்கள் பிரபுக்களானார்கள்.
பத்து நிமிடம் கூச்சல்.
கட்சி மாறியதற்கு யாரும் காரணம் இல்லை,
நாற்காலியைத் தவிர.
மணி அடித்தபின்னும் யோரிட் மட்டும்
அதே ரொட்டிக்காக வாதாடிக்கொண்டிருந்தான்.

கடைசியாக நாடகம்.
அரங்கின் இடது என்பது, என்று ஆரம்பிப்பதற்குள்
"யாருக்கு இடம்?" என்றது மொத்த வகுப்பும்.
நடிப்பவருக்கு, பார்ப்பவருக்கு அல்ல, என்றேன்.
காலையிலேயே ஆடு சொல்லிவிட்டதே, என்றாள் யெர்கெனாஸ்.

சிரிப்பு அடங்கியதும் துவ்ஷின்தோர் சொன்னான்,
மேடையைப் பார்த்து, யாரையும் பார்க்காமல்:
"எங்கள் மொழியில் கிழக்குக்கும் இடதுக்கும் ஒரே சொல்.
தெற்கே பார்த்து நின்றால் போதும்,
சண்டையே இல்லை."

எனக்கும் அது தாய்மொழிதான்.
நாற்பத்தோரு வருடமாகச் சொல்கிறேன் அந்தச் சொல்லை,
ஒருநாளும் திரும்பி நின்று பார்த்ததில்லை.

ஜன்னல் இல்லாத அரங்கம். தெற்கு எது?
ஹா-யூன் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்தாள்.
தெற்கு, அவசர வழிக் கதவு.
இருபத்திரண்டு பிள்ளைகளும் நானும்
பச்சை விளக்கில் ஓடுகிற அந்த மனிதனைப் பார்த்து
கொஞ்ச நேரம் நின்றோம்.
எல்லோருக்கும் ஒரே பக்கம் கிழக்கு.
யாரோ இருமினார்கள்.

ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது.
மாற்று வகுப்புப் பதிவேட்டில்
தேதி, பாடம், கையொப்பம்.
'இடம்' என்றொரு கட்டம்,
அறை எண் எழுத வேண்டியது.

'யாருக்கு' என்று எழுதி,
அடித்து,
214 என்று எழுதினேன்.