இரண்டு ஒன்று நாலு இரண்டு

ரிச்சி தெருவில் ஜாபர்தீன்
நாலாயிரத்து ஐந்நூறு சொன்னார்.
மூவாயிரத்து இருநூறில் முடிந்தது.
கன்சோல் ஒயர் தனியாக நூற்றைம்பது,
அதில் மட்டும் ஒரு ரூபாய் இறங்கவில்லை.
"பாஸ்வேர்டு தெரியாதும்மா.
எந்தக் கம்பெனி மாலோ,
எடைக்கு வந்தது."

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
ஜன்னலோரத்துக்காரர் கேட்டார்,
"டிவிடி பிளேயரா? இன்னமும் ஓடுதா?"

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
சுவிட்சைப் போட்டதும் அதன் விசிறி
மாவு மில்லாய்க் கத்தியது.
தம்பி தலையணையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டான்.
தரமணியில் நைட் ஷிப்ட் இல்லாத ராத்திரி
வாரத்துக்கு ஒன்றுதான் எனக்கு.
மற்ற ஆறும்
"ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்."

போன முறை தேர்வில் போனது.
வாட்சைக் கழற்றச் சொன்னார்கள்,
கர்சீப்பை உதறிக் காட்டச் சொன்னார்கள்,
காட்டினேன்.
முகவரிகள் சரி, வழித்தடம் சரி,
சேமிக்க மட்டும் மறந்தேன்.
ஓடிக்கொண்டிருப்பது வேறு, எழுதி வைத்தது வேறு.
கரண்ட் போனால் மிஞ்சுவது இரண்டாவதுதான்.
கட்டிய பணத்தில் அதைக் கற்றுக்கொண்டேன்.

அதிலிருந்து காலண்டர் தாள்களின் பின்பக்கம்
எனக்கு நானே எழுதி வருகிறேன்:

தூரத்து ரவுட்டரில் கை வைக்குமுன்
'ரீலோட் இன் டென்' அடி.
உன்னை நீயே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டால்
பத்து நிமிடத்தில் அது பழையபடி எழுந்து உன்னை உள்ளே விடும்.
வேலை முடிந்தால் ரத்து செய்.
ரத்து செய்ய மறந்தவளுக்கு மருந்து கிடையாது.

அனுமதிப் பட்டியலின் அடியில்
எழுதாத ஒரு வரி எப்போதும் இருக்கும்:
மற்ற யாரையும் விடாதே.
(இதை மனப்பாடம் செய்யத் தேவைப்படவில்லை.
அண்ணா நகரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது
எங்கள் ஏரியா பேரைச் சொன்னதும்
இதே வரியைத்தான் முகத்தில் படித்தேன்.)

மணி ஒன்று இருபது.
அணைத்துப் போட்டேன்.
அது கண் விழிக்கும் முதல் நிமிடத்துக்குள்
பிரேக் சாவியை அழுத்த வேண்டும்.
மூன்று தடவை தப்பியது.
நாலாவதில் பிடிபட்டது.
இரண்டு ஒன்று நாலு இரண்டு என்று எண்ணை மாற்றினால்
பழையதைப் படிக்காமல் எழும்,
கடவுச்சொல் கேட்காது.
பிறகு நாமே போய்ப் பழையதைத் திறந்து பார்க்கலாம்.

அழிக்கத்தான் வாங்கினேன்.
அழிக்குமுன் பார்த்தேன்.

கடைசியாக மாற்றியது: மாலை 6.52, வெள்ளிக்கிழமை.
மாற்றியவர்: தில்லைநாயகி.

ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு குறிப்பு,
ஆங்கில எழுத்தில் தமிழ்.
முதலாவது: ரிசப்ஷன், மழை பெய்தால் இது போகும்.
இரண்டாவது: எம்.டி ரூம், சொல்லாமல் நிறுத்தாதே, கத்துவார்.
மூன்றாவது: டிபன் ரூம் பிரிண்டர், யாரும் கேட்கவில்லை, நானே கொடுத்தேன்.
நாலாவது: என் மேசை.
அதற்குக் கீழே ஒரே சொல்.
ஷட்டவுன்.

எல்லோருடையதும் திறந்திருக்க
தன்னுடையதை மட்டும் மூடிவிட்டு
சேமித்துவிட்டுப் போயிருக்கிறாள்.
ஆறு ஐம்பத்திரண்டு.
அனுப்பினார்களா, அவளே போனாளா,
அதற்கு எந்தக் கட்டளையும் இல்லை.
அம்பத்தூரோ கிண்டியோ,
மழை பெய்தால் போகும் ஒரு ரிசப்ஷன்.

விசிறி கத்திக்கொண்டே இருந்தது.
தம்பி, "முடிஞ்சுதா?" என்றான் தூக்கத்தில்.

ரிசப்ஷனை அழித்தேன்.
எம்.டி-யை, ஏனோ சந்தோஷமாக, அழித்தேன்.
பிரிண்டரை அழிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.
நாலாவதில் குறிப்பை அப்படியே விட்டு
'நோ ஷட்டவுன்' அடித்து
என் லேப்டாப் ஒயரைச் செருகினேன்.
கொஞ்ச நேரம் ஆரஞ்சு.
பிறகு பச்சை.

எண்ணைப் பழையபடி
இரண்டு ஒன்று பூஜ்யம் இரண்டுக்கு மாற்றினேன்.
அதை மறந்தால்
நாளை விழிக்கும்போது எதுவும் நினைவிருக்காது அதற்கு.

வியாழக்கிழமை மறுபடி தேர்வு.
கர்சீப் எடுத்துப் போகப் போவதில்லை.

சேமிக்கவா என்று கேட்டது.
என்டர்.