பல் விழுந்த இடம்

காரைதீவு. இரவு பத்து மணி.
மின்விசிறியை நிறுத்திவிட்டேன்:
கழற்றி வைத்த தகட்டு வளையங்கள்
வெங்காயச் சருகுபோல், ஊதினால் போய்விடும்.
சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துவாய்,
அதன்மேல் ஹெலியின் வால் மட்டும்.
உடம்பு அலுமாரிக்கு மேல், மல்லாக்கக் கிடக்கிறது.

வால்பெட்டிக்குள் இரண்டு கூம்புப் பற்சில்லுகள்.
ஒன்று நீளத் தண்டோடு வரும்.
மற்றது குறுக்கே திரும்பிச்
சின்ன விசிறியைச் சுழற்றும்.
மேலே பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்ற
உடம்பு மறுபக்கம் சுற்றத் துடிக்கும்;
அதைப் பிடித்து வைத்திருப்பதுதான் வாலின் வேலை.

பிடி விட்டால் என்னவென்று
சனிக்கிழமை பார்த்தோம்.

வெட்டின வயல். கச்சான் காற்று.
றிமோட் நுஸ்கியின் கையில்.
ஹெலி எழும்பிய அந்த நொடியில்
வரம்பில் மாடு பார்த்துக்கொண்டு நின்ற பூபாலபிள்ளை
குப்புற விழுந்து படுத்தார்.
யோசித்துப் படுத்ததல்ல.
பிறகு எழும்பிச் சாரத்தைத் தட்டிக்கொண்டு
"மிஸ், இது என்ன விலை?" என்றார்.
சொன்னேன்.
"ரெண்டு மாடு" என்றார், மாடுகளைப் பார்த்து.

அவர் மாடுகளை எண்ணி முடிக்கவில்லை,
வாலில் ஒரு சத்தம்.
ஊசி முறிகிற சத்தம் என்றான் நுஸ்கி,
தையல் மெஷின் திருத்துகிறவன் வேறெப்படிச் சொல்வான்.
வாலைக் கடிக்கத் துரத்தும் நாய்போல
நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி
வைக்கோலில் இறங்கியது.
இறங்கியது என்று சொல்வது மரியாதைக்கு.

மெஷின் எண்ணெய் கொண்டுவந்தான். வேண்டாம் என்றேன்.
எண்ணெய்க்கு மணல் ஒட்டும்,
மணல் பிளாஸ்ரிக்கைத் தின்னும்.
பழைய கிறீஸைப் பல்தூரிகையால் தேய்த்தெடுத்தேன்,
ஒவ்வொரு பள்ளமாக. கடற்கரை ஊர்,
உப்பும் வந்தது.

இனிப் பற்களைக் கோர்க்க வேண்டும்.
இடையில் மெல்லிய கடதாசி ஒன்றை வைத்து
அழுத்தி, ஸ்குரூவை முறுக்கி, உருட்டிப் பார்ப்பது.
கிழிந்தால் இறுக்கம் கூட.
சும்மா வழுக்கி வந்தால் தளர்வு.
மடிய வேண்டும், கிழியக் கூடாது.
புருசன் பெண்சாதி மாதிரி என்பான் நுஸ்கி.
இல்லை. பற்சில்லு பற்சில்லு மாதிரித்தான்.

என் கைப்பைக்குள் எப்போதும் இருப்பது
ஈசீஜி துண்டு: ரோஸ் கட்டம் போட்டது,
வார்ட்டில் றோல் முடிகிறபோது மிஞ்சுவது.
முதல் துண்டு கிழிந்தது.
ஒரு வளையம் சேர்த்தேன்.
இரண்டாவது ஒரு சுருக்கமும் இல்லாமல் வந்தது.
அதை எடுத்து அதில் பாதித் தடிப்பானதைப் போட்டேன்.
மூன்றாவது மெதுவாய், நெளிந்து நெளிந்து வந்தது.

சூட்டில் எழுதும் கடதாசி இது.
உரசினாலும் எழுதும்.
ஒவ்வொரு பல்லும் ஒரு சாம்பல் கோடு விட்டது.
கண் பழக்கத்தில் எண்ணத் தொடங்கிவிட்டேன்:
சீரான தாளம், இடைவெளி சமம்.
பத்தொன்பது கோடு. ஒரு வெறும் இடம்.
மறுபடி பத்தொன்பது.
மறுபடி அதே வெறும் இடம்.

வார்ட்டில் இப்படி வந்தால்
மெஷினைப் பார்த்தபடியே
நெஞ்சில் ஒட்டியவற்றைக் கழற்றுவேன்.
"என்னவாம் மிஸ்?" என்பார்கள்.
"டொக்டர் சொல்லுவார்."
பதினொரு வருடமாக அதே மூன்று செக்கன்,
அதே பதில்.

சில்லை லைற்றில் பிடித்தேன்.
பல் அடியோடு போகவில்லை, பாதி.
வெள்ளைத் துவாயில் வெள்ளைச் சில்லு,
இரண்டு தரம் கழுவியும் கண்ணில் படவில்லை.
காற்று ஒருதரம் அழுத்தியபோது
அந்த இடத்தில் வழுக்கியிருக்கும்.

நுஸ்கிக்கு எடுத்தேன்.
"ஒரு பல் இல்லை."
இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது.
தூக்கத்தில் கேட்டான்:
"யாருக்கு?"

புதுச்சில்லு கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை.
துண்டைத் தூக்கி எறிய மனம் வரவில்லை.
வழக்கம்போல் மேல்மூலையில் எழுதினேன்:
பெயர், வால்.
வயது, பதினான்கு மாதம்.
கட்டில் இலக்கத்துக்குக் கொஞ்சம் யோசித்து,
சாப்பாட்டு மேசை.