கடை விடுமுறை

மீன் பொதியும் தாளின் பின்பக்கம்
எழுதுகிறேன்:
திங்கள். காலை எட்டு ஐந்து ரயில்.
செத்தூபால் நிலையத்தில்
ஏழே முக்காலுக்கே நிற்க வேண்டும்,
எவரிஸ்து தன் இடது காலணியை
எங்கே கழற்றினான் என்று
அவனுக்கே தெரியாது.

தாளில் மெழுகு. பேனா வழுக்குகிறது.
எட்டு பாதிதான் பதிந்தது.

பல்தசார் தலை நிமிரவில்லை.
"ஆறு நாளும் மீன்.
ஏழாம் நாள் லிஸ்பனுக்குக் காசு கொடுத்துப் போய்
மீனையா பார்க்கணும்?"

ஜசிந்தாவுக்கு ஆறு வயது.
மேசைக்கு அடியிலிருந்து சொன்னாள்:
"உங்க மீனெல்லாம் படுத்திருக்கும் அப்பா.
அங்கே இருக்கறது நிக்குமாம்."

கத்தி தீட்டும் சத்தம் நின்றது.
அதைச் சம்மதம் என்று
குறித்துக்கொண்டேன்.

பிறகு கணக்கு.
பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால்
குடும்பச் சீட்டு.
எவரிஸ்துவுக்குப் போன புதன்கிழமை
பதின்மூன்று முடிந்துவிட்டது.
ஐந்தே நாளில்
பதினோரு யூரோ வளர்ந்துவிட்டான்.
"பன்னிரண்டுன்னு சொல்லேன்" என்கிறேன்.
மேலுதட்டு அரும்பைத் தடவியபடி
என்னைப் பார்க்கிறான்,
தராசில் விரல் வைத்தவளைப் பார்ப்பதுபோல.
சரி. பெரியவர் மூவர்.
அந்தப் பதினொன்றைக்
கணவாய் விற்றுப் பிடித்துக்கொள்ளலாம்.

மதியத்துக்கு ரொட்டி, உள்ளே
வழக்கம்போல் சூரை
என்று எழுதிய கையோடு
தாளை இழுத்து அடித்துவிட்டாள் சின்னவள்.
"அதுங்க முன்னாடியா?"
பாலாடைக்கட்டி. தக்காளி.
நான்கு ஆரஞ்சு.
சூரை என்ற சொல் இன்னும் தெரிகிறது
கோட்டுக்கு அடியில்.

முதலில் பெரிய தொட்டி.
நாலு பக்கமும் கண்ணாடி,
மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை
சுற்றி வரலாமாம்.
சுறாவைக் கடைசியில் வைத்துக்கொள்வோம், முதலில் பார்த்தால்
எவரிஸ்து வேறெதற்கும் நகரமாட்டான்.
சூரியமீன் ஒன்றும் இருக்கிறதாம்,
வால் வைக்க மறந்துபோன உடம்பு.

"எங்க அண்ணன் வலையில
ஒண்ணு ஏறிச்சு" என்றான் பல்தசார்,
தானாகவே.
"யாரும் வாங்க மாட்டாங்க, திரும்ப விட்டுட்டோம்.
தண்ணி மேல ஒருக்களிச்சுப் படுத்து
வெயில் காயும்."
"படுக்குமா? உயிரோடயா?"
"உயிரோடதான்."
ஜசிந்தா மேசைக்கு அடியிலிருந்து
வெளியே வந்தாள்.

இதற்கு மேல் தாளில் எழுதாதவை.

கண்ணாடி முன் நின்று
இது கிலோ பதினெட்டு என்பான்.
பக்கத்தில் நிற்கும் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர்
சிரிப்பதா வேண்டாமா என்று
மனைவியைப் பார்ப்பார்.
என்னை மட்டும் என்ன சொல்ல?
பதினாறு வருடம்
கண் தெளிவா, செவுள் சிவப்பா,
அழுத்தினால் சதை எழும்புகிறதா
என்று பார்த்த கை.
இறந்து எவ்வளவு நேரம் என்ற ஒன்றைத்தான்
மீனிடம் இதுவரை கேட்டிருக்கிறேன்.
அங்கே போய் வேறென்ன கேட்பது?

ஞாயிறு இரவு.
குழாயடியில் பல்தசார்
எலுமிச்சை மூடியால்
நகக்கண்வரை தேய்த்துக்கொண்டிருந்தான்.
"கல்யாணத்துக்கா போறோம்?"
"அதுங்களுக்கு மோப்பம் ஜாஸ்தி, கித்தேரியா.
ரத்தம் ஒரு துளின்னாலும் தெரியும்."
நடுவில் ஒரு சாண் கண்ணாடி இருக்கிறது
என்று சொல்ல வாய் எடுத்தேன்.
சொல்லவில்லை.
மிச்ச மூடியை வாங்கி
நானும் தேய்த்தேன்.

விழித்தபோது பக்கத்துப் படுக்கை காலி.
அடுக்களையில் விளக்கு.
ஏலத்துக்குப் போகும் நேரம்,
பழகிய உடம்பு எழுந்துவிட்டது.
வெள்ளைச் சட்டை, சீவிய தலை,
கட்டி முடித்த காலணி.
மடியில் மகனின் இடது காலணி வேறு,
எங்கிருந்து எடுத்தானோ.
என் தாளை விளக்குக்கு நேரே பிடித்து
பதியாமல்போன பாதி எட்டை
முழு எட்டாக்கிக்கொண்டிருந்தான்.

"எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"
"பத்துக்கு."

கடிகாரத்தில் மூன்று.