வலமா இடமா கேட்காத எண்

இரவு இரண்டு மணி. கட்டபெட்டில் கரண்ட் இருக்கிறது,
இன்றைக்கு அதுவே பெரிது.
கம்பளிக் குல்லாவுக்கு மேல் ஹெட்செட், மடியில் வெந்நீர்ப் பை,
முன்னால் நாற்பத்தாறாவது சார்ட்.

யாரோ ஒரு தச்சர். வயது நாற்பத்தைந்து.
கடலுக்கு அப்பால், பகல் வெளிச்சத்தில்
அவர் சொன்னதை டாக்டர்
அப்படியே தட்டி வைத்திருக்கிறார்:
'என் கைகளின் நீளம் போதவில்லை.'

சிரித்துவிட்டேன்.
கைக்குக் குறியீடு கிடையாது, ஐயா.
உங்களுக்கு எச் 52.4.
கண்புரை என்றால் எந்தக் கண் என்று எழுத மறந்த டாக்டருக்குக்
கேள்வி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.
இது அப்படியில்லை,
வலமா இடமா என்று கேட்காது இந்த எண்.
இரண்டுக்கும் சேர்ந்துதான் வயதாகிறது என்பது
பட்டியல் போட்டவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

நம் பக்கம் இதற்குப் பெயர் வெள்ளெழுத்து.
கண்ணை விட்டுவிட்டு
எழுத்தின் மேல் பழி போட்ட
அந்தச் சொல்லை எனக்குப் பிடிக்கும்.

திங்கட்கிழமை தீப்தியிடமிருந்து மெயில்.
நான்கு வரவேண்டிய இடத்தில் ஆறு. மூன்று சார்ட்.
ஆறு என்றால் 'பிற'.
மூன்று பேருடைய வயதைப்
'பிற'வில் தள்ளியிருக்கிறேன், திரையைப் பார்த்துக்கொண்டே.
துல்லியம் தொண்ணூற்று மூன்று, வேண்டியது தொண்ணூற்றைந்து.
பதில் தட்டும்போதுதான் கவனித்தேன்,
நாற்காலி சுவரில் இடித்துக்கொண்டிருக்கிறது.
பின்னால் போக இனி இடமில்லை.

கோத்தகிரி, மார்க்கெட்டை ஒட்டி அஸ்லம் பாய் கடை.
லென்ஸை மாற்றி மாற்றி 'இதுவா? இப்போ?' என்றார்.
கடைசி வரியைப் படித்ததும் நிறுத்தினார்.
சீட்டில் எழுதியது இவ்வளவுதான்:
ஜோ. பிரேமலதா, 43, ப்ளஸ் ஒன்று, ரூ. 450.
என்ன புகார், எத்தனை நாளாக, ஒன்றும் இல்லை.
என் வேலைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மாட்டிக்கொண்டே வெளியே வந்தேன்.
பஸ் டிக்கெட்டின் பொடி எழுத்து,
சுண்டுவிரல் நகத்தடியில் பீட்ரூட் கறை,
எல்லாம் வந்து சேர்ந்திருந்தன.
நிமிர்ந்தேன்.
எதிர்ச் சரிவின் தேயிலை வரிசைகள்
ஒன்றுக்குள் ஒன்று கலைந்து கிடந்தன.
பனி இல்லை. நல்ல வெயில்.

பஸ் வந்தது.
போர்டைப் படிக்கக் கழற்றினேன்,
சில்லறை எண்ண மாட்டினேன்.