இடது கை

இடது கையை மட்டும்தான் கேட்பேன்.
விரல்களை விரி.
மூச்சை அடக்க வேண்டாம், கைக்கு மூச்சில்லை.
லேவார்டன் மருத்துவமனை, தரைத்தளம், எக்ஸ்ரே அறை,
இருபத்தாறு வருடம்.

இரட்டையர் முதலில் வந்தது ஒரு நவம்பரில்.
யில்டாவ், பதினொரு நிமிடம் மூத்தவள்.
ஹில்க, அவள் தோளுக்குக் கீழே.
அப்பா வொப்பெ பால் லாரி ஓட்டுபவர்,
இருக்கையில் இரண்டு மெத்தை போட்டு.
அம்மாவுக்கு ஸ்கேட் வாங்குவது சிறுவர் பிரிவில்.
"பாதி விலை" என்று சிரிப்பாள்.
உலகிலேயே நெட்டையான ஜனங்களுக்கு நடுவே
நான்கு பேரும் ஒரு சிறு தீவு மாதிரி நின்றார்கள்.

டாக்டர் கணக்குப் போட்டார்:
அப்பா உயரம், அம்மா உயரம்,
பையனுக்குப் பதின்மூன்று கூட்டு, பெண்ணுக்குக் கழி,
இரண்டால் வகு.
என் படத்தில் எலும்பின் வயதும்
பிறந்த நாள் சொன்ன வயதும் ஒன்றே.
பிந்திய ரயில் இல்லை இது.
நேரத்துக்கு வந்த
சின்ன ரயில்.

யில்டாவுக்கு முந்திக்கொண்டு வந்தது பருவம்.
ஒரே வருடத்தில் எட்டு சென்டிமீட்டர்;
காத்திருக்கும் வரிசையில்
தம்பியின் உச்சந்தலையில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பாள்.
எலும்பு நுனியின் குருத்தில்
ஈஸ்ட்ரோஜன் மாடி மேல் மாடி கட்டுகிறது.
கட்டி முடித்ததும்
அதே கைதான் கூரையையும் போடும்.

ஊசி போட்டு இரண்டு வருடம் நிறுத்தி வைக்கலாம் என்றார் டாக்டர்.
எவ்வளவு கிடைக்கும், அம்மா கேட்டாள்.
அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும்
கொஞ்சமாக விலக்கிக் காட்டினார்.
அதுவும் உறுதியில்லை.
"எல்லாரும் போன இடத்துக்கு
நான் மட்டும் பிந்திப் போகணுமா?"
யில்டாவ் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

ஹில்கவுக்குப் பதின்மூன்றில்தான்
டாக்டரின் மணிச்சரத்தில் நான்காம் எண் மணி பொருந்தியது.
குரல் உடைந்தது, செருப்பு பெருத்தது,
பதினான்கு முடிவதற்குள் அக்காவைத் தாண்டிவிட்டான்.
டெஸ்டோஸ்டிரோன் என்று அவன் நெஞ்சை நிமிர்த்த,
அதில் கொஞ்சம் உனக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாறும்,
உன் எலும்பை நீட்டுவதிலும் அதற்குப் பெரிய பங்கு,
கடைசியில் பூட்டுவதும் அதுதான் என்றார் டாக்டர்.
"அப்போ எனக்குள்ளேயும் இவளா?"
யில்டாவ் இடுப்பில் ஒரு குத்து விட்டாள்.

நான் சிரிக்கவில்லை.
எழுபத்தொன்பதில் எனக்குப் பன்னிரண்டு வயது,
நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.
இப்படியே போனால் யார் கட்டுவான் என்று அம்மா அழுதாள்.
மாத்திரை தந்தார்கள். ஈஸ்ட்ரோஜன்,
ஒரு குதிரைக்குப் போதுமான அளவு.
காலையில் வாந்தி, மாலையில் அளவுகோல்.
நூற்று எண்பத்திரண்டில் கதவைச் சாத்தினார்கள்.
ஐந்து சென்டிமீட்டர் மிச்சம் பிடித்ததாகப் பெருமை.
கட்டினவன் நல்லவன்.
பிள்ளை தங்கவில்லை.
அதனால்தானா என்று கேட்டேன்;
கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது என்றார்கள்.

யில்டாவின் கடைசிப் படம் போன வாரம்.
விரல் எலும்புகளின் கறுப்புக் கோடுகள் போய்விட்டன.
நூற்று நாற்பத்தொன்பது.
"முடிஞ்சுதா?"
முடிஞ்சுது.
"சரி" என்று ஈய மேலங்கியைக் கழற்றினாள்.
அவளுக்கு அது கணுக்கால் வரை,
எனக்கு முழங்காலுக்கு மேலே.
ஒரே அளவில்தான் வாங்கி வைத்திருக்கிறார்கள்.