முதல் பதினைந்து நிமிடம்

முப்பத்தொரு கட்டில். நான்கு பேர்,
அதில் ஒருவன் மாணவன்.
வேலைத்தாளை முழங்காலில் வைத்துக் கோடு போடுகிறேன்.
சாட்ஸ்வர்த்தில் பத்து மணிக்குப் போன மின்சாரம்
இன்னும் வரவில்லை.
ஜெனரேட்டர் வெளிச்சத்தில் எல்லாருக்கும் காமாலை.

நாலாம் கட்டில் கத்துகிறது.
தேநீர் ஆறிப்போச்சாம்,
மருமகன் வக்கீலாம்,
என் பேரைக் குறித்துக்கொண்டாயிற்றாம்.
கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது.
பிறகு வருகிறேன் என்று கையால் மட்டும் சொல்கிறேன்.

பதினோராம் கட்டில் ஒன்றும் கேட்கவில்லை.
போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு
மரியாதையாகப் படுத்திருக்கிறது.
நெற்றியில் கைவைத்தால் ஈரம், குளிர்.
நிமிடத்துக்கு முப்பத்தாறு மூச்சு.
என் தாளில் அது ஏழாவதாக இருந்தது.
அடித்துவிட்டு
எல்லாவற்றுக்கும் மேலே எழுதினேன்,
கோட்டுக்கு வெளியே.

"சார்மேன், டாக்டரைக் கூப்பிடு.
தூங்கினால் எழுப்பு. திட்டினால் என் பேரைச் சொல்."
"சிபு, பதினேழுக்குச் சர்க்கரை பார்.
எண்ணை என்னிடம் வந்து சொல்.
நீயாக ஒன்றும் கொடுக்காதே."
ஓடினான். ஓடாதே என்றேன்.
ஒருவர் ஓடினால் முப்பது பேர் விழித்துக்கொள்வார்கள்.
(எண் கெட்டதாகத்தான் இருந்தது. அது வேறு கதை.)

ஒன்றரைக்குப் பதினொன்று மேலே போனது.
மேலே என்றால்
இரண்டாம் மாடி, ஐசியூ.
இந்த வேலையில் இப்படிச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றரைக்கு ஒன்பதாம் கட்டிலுக்கு ரத்தம் வந்தது.
பையின் எண், கையின் எண், பேர், பிறந்த தேதி:
சார்மேன் படிக்க நான் பார்த்தேன்,
நான் படிக்க அவள்.
முதல் சொட்டு இறங்கியபின்
பதினைந்து நிமிடம் நான் அங்கேயே நிற்கவேண்டும்.
இதை யாருக்கும் பிரித்துக் கொடுக்க முடியாது.

அப்போதுதான் இருபத்திரண்டு
புறப்படத் தொடங்கியது.

கிஸ்டன் படையாச்சி. எண்பத்தொன்று.
முப்பது வருடம் டர்பன் டவுனுக்கு பஸ் ஓட்டியவர்.
ஊசி வேண்டாம், குழாய் வேண்டாம் என்று
திங்கட்கிழமையே கையெழுத்தாகிவிட்டது.
செய்ய ஒன்றும் இல்லாதவர்
தாளில் எப்போதும் கடைசி.
மூன்று நாளாக அவருக்கு ஆங்கிலம் நழுவிவிட்டது.
வார்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி,
அதுவும் அரைகுறை.
இருபதடி நடந்து ஒரு சொல் சொல்ல
ஒரு நிமிடம் போதும்.
அதே ஒரு நிமிடம் போதும்
ஒன்பதுக்கு உடம்பு தடித்து மூச்சு அடைக்க.

"நொம்பிலோ, பெட்பான் இருக்கட்டும்.
இருபத்திரண்டில் போய் உட்கார்."
"என்ன செய்யணும் சிஸ்டர்?"
"உட்கார்."

நான் சொட்டுகளை எண்ணினேன்.
நடுவில் எண்ணிக்கை தவறியது,
மறுபடி ஒன்றிலிருந்து.

திரும்பி வந்தாள் நொம்பிலோ.
முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.
"சிஸ்டர், 'எலங்கணும்' என்றால் என்ன?"
அவள் நாக்கில் உருண்டுவிட்ட எழுத்தைத்
திருப்பி வைக்க எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.
எறங்கணும்.
முப்பது வருடம் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து
ஊரே சொன்ன சொல்.

"திரும்பத் திரும்பச் சொன்னார்.
எனக்குப் புரியலை.
யெபோ பாபா, யெபோ என்றேன்.
அப்புறம் சொல்லலை."

பஸ்ஸை நிறுத்தச் சொல்லியிருக்கிறார், என்றேன்.
ஈரக் கையோடு யோசித்தாள்.
"நிறுத்தினேன்தானே?"

ஏழு மணிக்குப் பகல்காரர்களிடம் தாளைத் தரவேண்டும்.
ஒவ்வொரு வேலைக்கும் எதிரே
செய்தவர் பேர், நேரம், கையெழுத்து.
இருபத்திரண்டுக்கு எதிரே நொம்பிலோ என்று எழுதி
வேலை என்ற இடத்தில்
பேனாவைத் திருகிக்கொண்டிருந்தபோது
விளக்குகள் வெள்ளையாயின. மின்சாரம்.

நாலாம் கட்டில் மறுபடி கூப்பிட்டது.
கெட்டிலைப் போட்டேன்.
யாரையும் அனுப்பவில்லை,
நானே கொண்டுபோனேன்,
இரண்டு சர்க்கரை போட்டு.